செங்கோணம் எப்போதும் வராது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்னூக்கர் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஸ்னூக்கரில் உலகப் பட்டங்கள் வென்ற பங்கஜ் அத்வானியின் ஊரான பெங்களூருவில் இருந்துகொண்டு இதைத் தமிழில் படிப்பதே தனி சந்தோஷம். ஆனால், மோதியதும் இரண்டு பந்துகளும் செங்கோணத்தில் பிரியும், கேரமிலும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி ஆடிக் காசு இழந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஸ்னூக்கரில் எல்லாப் பந்தும் ஒரே எடை. அதனால் 90 பாகை வருவது உண்மைதான். ஆனால் மோதும் நொடியில், நாம் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து உருளாமல், மேசைத் துணிமேல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மெதுவாகத் தட்டினால் அது பாதி வழியிலேயே உருள ஆரம்பித்துவிடும். மோதல் அதன் வேகத்தைத்தான் பிடுங்கும்; சுழற்சியை அவ்வளவாகத் தொடாது. மிச்சமிருக்கும் அந்தச் சுழற்சி துணியைப் பற்றிக்கொண்டு, செங்கோணத்தில் கிளம்பிய வெள்ளையை முன்பக்கமாக வளைத்துவிடும். சிவப்புப் பந்தின் விளிம்பைக் குறிவைத்துப் பாதிப் பந்தாக அடித்தால், வெள்ளை வந்த கோட்டிலிருந்து சிவப்பு ஒரு பக்கம் 30 பாகை போகும். உருண்டு வந்த வெள்ளை மறுபக்கம் சுமார் 34 பாகை விலகும். கூட்டினால் 65கூட இல்லை.

ஒருமுறை கடைசிக் கறுப்புப் பந்தைக் கொஞ்சம் தடிமனாக, அதாவது நடுவை ஒட்டி, அடித்தேன். வெள்ளை பக்கவாட்டில் ஒதுங்கிவிடும் என்று மனக்கணக்கு. கறுப்பு பாக்கெட்டில் விழுந்தது. வெள்ளை ஒரு கணம் தயங்கி, வளைந்து, அதன் பின்னாலேயே போய் விழுந்தது. ஆட்டமும் போச்சு, மேசை வாடகையும் என் தலையில்.

கேரம் கதையே வேறு. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் 5 கிராம் சொச்சம். மூன்று மடங்கு எடையுள்ளது எப்படி மோதினாலும் தன் வழியிலிருந்து 20 பாகைக்கு மேல் விலகாது. நேருக்கு நேர் அடித்தால் நிற்கவும் செய்யாது, பாதி வேகத்தோடு காயைத் துரத்தும். காயோடு ஸ்ட்ரைக்கரும் பாக்கெட்டில் விழுந்து ஃபைன் கட்டிய அல்சூர் பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உவமை வேண்டுமென்றால் கோலியைச் சொல்லியிருக்கலாம். எகிறி அடித்த கோலி அடிபட்டதன் இடத்திலேயே சப்பென்று நிற்குமே, அதுதான் சம எடை. அந்தரத்தில் வருவதால் தரை அதை உருட்டிவிட வழியில்லை.

அடுத்த முறை படம் போட்டால் வெள்ளையின் பாதையைக் கொஞ்சம் வளைத்துப் போடச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு