வோல்சைஃபென் பழைய பள்ளிக்கூடத்தில் தமிழ்த் தகவல் தாள் வைக்க அனுமதி கோரும் மனு

பெறுநர்:
நிர்வாகப் பொறுப்பாளர் அவர்கள்,
ஐஃபெல் தேசியப் பூங்கா, ஷ்லைடன், ஜேர்மனி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் வார இறுதிகளில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை நான். கடந்த மே மாதம், சரிவெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த நேரம், 14 பிள்ளைகளையும் என் தாயாரையும், தங்கள் பூங்காவுக்குள் சனமில்லாமல் கிடக்கும் பழைய ஊரான வோல்சைஃபெனுக்குக் கூட்டிவந்தேன். அந்த ஒரு நாள்தான் இந்த மனுவை எழுத வைத்தது.

ஊருக்குள் நுழைந்ததும் கதவும் சன்னலும் இல்லாத கொங்கிறீற்றுக் கட்டடங்களைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள்: "ரீச்சர், இந்த வடிவில்லாத வீடுகளிலயா சனம் இருந்தது?" இல்லை. அவை படையினர் வீட்டுக்கு வீடு சண்டை பழகப் பிற்காலத்தில் கட்டியவை. சனம் வாழ்ந்த வீடுகளில் மிஞ்சியது புல்லுக்கடியில் கிடக்கும் அத்திவாரம் மட்டும். இதைத் தெரியாமல் வருகிற எவரும் அந்தப் பெட்டிகளையே ஊர் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏறத்தாழ 550 பேர் வாழ்ந்த கமக்கார ஊர் அது. போரில் இடிந்த வீடுகளைத் திரும்பி வந்து திருத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, 1946 ஓகஸ்ட் 13இல் பிரித்தானியப் படையின் கட்டளை வந்தது: செப்டெம்பர் 1இற்குள் வெளியேற வேண்டும். மூன்று கிழமைகூட இல்லை, அதுவும் அறுவடைக் காலத்தில். ஊர் பயிற்சிக் களமாகியது. வீடுகள் குண்டடி பட்டு அழிந்தன, புனித றோக்குஸ் தேவாலயமும் எரிந்தது. இடுகாட்டில் கிடந்தவர்களைக்கூடப் பிறகு அயலூரான ஹெர்ஹானுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1950இல் களம் பெல்ஜியப் படையிடம் போனது. பொதுமக்களுக்கு நிலம் திறந்தது 2006இல்தான். அறுபது வருடம்!

என் தாயார் இலங்கையின் யாழ்ப்பாணத்திலுள்ள வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபின் எங்கள் காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. வோல்சைஃபெனில், புல்லுக்குள் தனியே நின்ற ஓர் அப்பிள் மரத்தடியில் அம்மா நின்றுவிட்டார். வேலி இல்லை, வீடு இல்லை. ஆனாலும் என் கையைப் பிடித்து, "ஆரின்டையோ வளவு பிள்ளை, மிதிக்காமல் வா" என்றார். எங்களோடு வந்த பிள்ளைகள் பலரின் தாத்தா பாட்டிமாரும் இப்படி ஊரை விட்டுவந்தவர்களே. தங்கள் வீட்டில் கேட்ட கதை ஜேர்மன் மண்ணிலும் நடந்தது என்பதை அன்றுதான் அவர்கள் அறிந்தார்கள்.

ஆகவே, தேவாலயத்துக்கு அருகிலுள்ள பழைய பள்ளிக்கூடக் கண்காட்சியில் தமிழில் இரண்டு பக்கத் தகவல் தாள் ஒன்றை வைக்க அனுமதி தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பையும் அச்சுச் செலவையும் நாங்களே ஏற்கிறோம். தங்கள் அலுவலகம் சரிபார்த்து ஒப்புக்கொண்ட வாசகத்தைத் தவிர ஒரு வரியும் சேர்க்க மாட்டோம். எந்தக் கட்டடம் ஊரவருடையது, எது படையினருடையது என்று காட்டும் சிறு வரைபடமும் அதில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். வரும் ஓகஸ்ட் 13இற்கு முன் அனுமதி கிடைத்தால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இம்மனுவின் ஜேர்மன் மொழிபெயர்ப்பையும் 14 மாணவர்களின் பெற்றோர் இட்ட கையொப்பங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழ் ஆசிரியை