சிஞ்ஞோராவின் ஊருக்குப் போன நாள்

பலெர்மோ,
ஒக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள், அத்தான், பிள்ளையள், அம்மா எல்லாரும் சுகமாயிருக்க முருகனை வேண்டுறன். போனிலை கதைக்காமல் இவள் ஏன் கடிதம் எழுதுறாள் எண்டு யோசிப்பியள். அம்மாவுக்கு இப்ப காது மந்தம். வட்சப்பிலை நான் கத்த, அவ "சாப்பிட்டியோ" எண்டு கேக்க, அதோடை கதை முடிஞ்சு போகுது. இது கொஞ்சம் நீளமான கதை. பின்னேரத்திலை விறாந்தையிலை இருத்தி, ஆறுதலாய் வாசிச்சுக் காட்டுங்கோ.

விசாக் காட் இன்னும் வரேல்லை. கை அடையாளம் குடுத்து மூண்டு மாசம். கந்தோரிலை கேட்டால் "பொறு" எண்டதுதான் பதில். அது கைக்கு வந்தாப் பிறகுதான் ரிக்கற் பாக்கலாம். அதை விடுவம்.

நான் வீட்டோடை நிண்டு பராமரிக்கிற சிஞ்ஞோராவுக்கு (வீட்டு அம்மாவை இங்கை அப்பிடித்தான் கூப்பிடுறது) போன கிழமை 88 வயது முடிஞ்சுது. மிலானோவிலை இருக்கிற மகள் வந்து, "அம்மா, என்ன வேணும்?" எண்டு கேட்டதுக்கு, "என்ரை ஊரைப் பாக்கோணும்" எண்டு ஒரே பிடியாய் நிண்டா. அந்த ஊர் ஏரிச்சே. பெயரிலை ஏரி இருக்கு, ஊர் இருக்கிறது மலை உச்சியிலை. மகள் எங்களுக்கு மட்டுமெண்டு ஒரு வான் பிடிச்சா, சாரதியோடையும் வழிகாட்டியோடையும் ஒரு முழு நாளுக்கு. சாரதி வேறை, வழிகாட்டி வேறை. வான் ஓடுறவர் கோட்டை வாசலிலை நிண்டு சரித்திரம் சொல்லக்கூடாதாம். அதுக்குச் சோதினை எழுதி அனுமதி எடுத்தவை, கழுத்திலை அட்டை போட்டுக்கொண்டு வருவினம். ரெண்டு பேருக்கும் மகள் குடுத்த காசு என்ரை மாசச் சம்பளத்திலை பாதிக்குக் கிட்ட. கேட்ட உடனை எனக்குத் தலை சுத்தினது. வானுக்குள்ளை ஏறி இருந்தாப் பிறகு மறந்து போச்சு. அப்பிடியொரு மெத்தை!

அக்கா, ஒன்பது வருசமாய் இத்தாலியின் இந்தச் சிசிலித் தீவிலை இருக்கிறன். எனக்குத் தெரிஞ்சது சிஞ்ஞோராவின் வீட்டு மூண்டாம் மாடி, மருந்துக்கடை, சந்தைப் பக்கம் தமிழ்க் கடை, அவ்வளவுதான். வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும் லீவு. லீவிலை போறது மொந்தே பெல்லெக்ரீனோ மலையிலை இருக்கிற சாந்தா ரோசாலியா எண்ட புனிதையின் குகைக் கோயிலுக்கு. 1624 இலை கொள்ளை நோய் வந்தபோது அவவின் எலும்பை ஊர்வலமாய்க் கொண்டுபோக நோய் நிண்டது எண்டு இந்தச் சனம் நம்புது. எங்கடை சனமும் சைவமோ வேதமோ எண்டு பாக்காமல் ஏறும். குகை முகட்டிலையிருந்து சொட்டுற தண்ணியைத் தகரப் பீலி வைச்சு ஏந்தி விட்டிருக்கினம். நான் அதைத் தலையிலை தெளிச்சுக்கொண்டு முருகா எண்டுதான் கும்பிடுறது. ரோசாலியா கோவிக்கிறேல்லை.

காலமை எட்டரைக்கு வெளிக்கிட்டம். பெருந்தெருவிலை ஏறிக் கொஞ்சத் தூரத்திலை, கப்பாச்சி எண்ட இடத்திலை, ரெண்டு பக்கமும் உயரமாய்ச் செந்நிறத் தூண் நிக்குது. ஃபல்கோனே எண்ட நீதிபதி மாஃபியாவை எதிர்த்து வழக்கு நடத்தினவர். 1992 மே 23 அண்டு அவரையும், மனுசியையும், காவலுக்கு வந்த மூண்டு பொலிஸ்காரரையும் இந்த றோட்டுக்குக் கீழை வெடி வைச்சுக் கொலை செய்தவங்கள். சாரதி றேடியோவை நிப்பாட்டினார். சிஞ்ஞோரா சிலுவை போட்டா. வழிகாட்டிப் பிள்ளை எனக்கெண்டு மெதுவாய் விளங்கப்படுத்த வந்தாள். றோட்டுக்குக் கீழை வெடி எண்டால் என்னெண்டு எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தலையை மட்டும் ஆட்டினன்.

முதல் நிப்பாட்டினது செஜெஸ்தாவிலை. அங்கை வெட்டவெளியிலை, ஒரு மேட்டிலை, தனியாய் ஒரு கோயில். கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலை எலிமியர் எண்ட சனம் கட்டினது. அவை கிரேக்கர் இல்லை, ஆனால் கிரேக்கர் மாதிரிக் கட்ட ஆசைப்பட்டவை. 36 தூண், கூரை இல்லை. இடிஞ்சு விழுந்ததாக்கும் எண்டு நினைச்சன். இல்லையாம், போடவே இல்லையாம். படிக் கல்லிலை கயிறு கட்டித் தூக்கிறதுக்கு விட்ட குமிழைக்கூடச் செதுக்கி எடுக்கேல்லை. நான் தொட்டுப் பாத்தன், அம்மாவின் முழங்கை மொளி மாதிரி இருந்தது. எங்கடை ஒழுங்கை முடக்கிலை கனடாக்காரர் தூணை மட்டும் எழுப்பிப்போட்டு விட்ட வீடு ஞாபகம் வந்திட்டுது. இன்னும் ரெண்டாயிரத்துச் சொச்சம் வருசத்திலை அதையும் ரிக்கற் வித்துக் காட்டுவினமோ தெரியாது.

அங்கையிருந்து ஏரிச்சே. றோட்டு வளைஞ்சு வளைஞ்சு 750 மீற்றர் ஏறுது. பாதி வழியிலை பளிச்செண்டு வெயில், அடுத்த முடக்கிலை ஒண்டும் தெரியாத புகார். இந்தப் புகாருக்கு "வீனசின் முத்தம்" எண்டு பேராம். மலை உச்சியிலை பழைய காலத்திலை வீனஸ் தேவதைக்குக் கோயில் இருந்தது, கடலிலை போறவை எல்லாரும் நேத்தி வைச்ச கோயில். வருசத்திலை ஒருக்கால் அவளின் புறாக்கள் ஆபிரிக்காவுக்குப் பறந்து போய் ஒன்பதாம் நாள் திரும்பி வருமாம். பிறகு வந்த நோர்மன்காரர் அதே இடத்திலை கோட்டை கட்டினவை. கோயில் கல்லும் கோட்டைக்குள்ளை போச்சுது எண்டு வழிகாட்டிப் பிள்ளை சொன்னாள். எங்கடை நல்லூர்க் கோயிலைப் பறங்கியர் 1621 இலை இடிச்சு, கல்லைக் கோட்டை கட்டக் கொண்டு போனதாய்ச் சொல்லுறவை எண்டு நான் சொன்னன். எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலைதான். அவள் நடந்ததை நிப்பாட்டிப்போட்டு, "இன்னொருக்கால் சொல்லுங்கோ" எண்டு கேட்டுக் கொப்பியிலை எழுதினாள். இந்த நாட்டிலை என்னட்டை ஒருத்தர் ஒண்டைக் கேட்டு எழுதினது அதுதான் முதல் தரம்.

அந்த ஊர்த் தெரு பாக்க நல்ல வடிவு, சக்கர நாற்காலிக்குச் சத்துரு. நீளக் கல்லாலை சதுரம் சதுரமாய்க் கட்டம், கட்டத்துக்குள்ளை சின்னக் கல்லு, எல்லாம் நடந்து நடந்து கண்ணாடி மாதிரி வழுக்குது. முன்சில்லு இடுக்கிலை இறுகிச் சிஞ்ஞோரா முன்னுக்குச் சரிஞ்சா. மகள் கத்தினா. நான் கதிரையைத் திருப்பி, பெரிய சில்லிலை பாரத்தைப் போட்டுப் பின்பக்கமாய் இழுத்துக்கொண்டு போனன். அது ஒன்பது வருசப் படிப்பு! அதனாலை ஏரிச்சேயை முக்கால்வாசி நான் பின்னாலை நடந்துதான் பாத்தனான்.

அவவின் வீடு ஒரு குச்சொழுங்கைக்குள்ளை. வெளியிலை பாத்தால் சாம்பல் சுவர், அங்கை எல்லா வீட்டு முற்றமும் பூஞ்சாடியும் உள்ளுக்குத்தான். பச்சைக் கதவு. கைபிடிக்குப் பக்கத்திலை நம்பர் அழுத்தித் திறக்கிற ஒரு சின்னப் பெட்டி தொங்குது. சுற்றுலாக்காரர் ரெண்டு இரவு தங்கிற வீடாம் இப்ப, திறப்பு அதுக்குள்ளை. ஊர்ச் சனம் அனேகம் பேர் மலைக்குக் கீழை போயிட்டினம். சிஞ்ஞோரா ஒண்டும் பறையேல்லை. கிட்டக் கொண்டு போகச் சொன்னா. நடுங்கிற விரலாலை ஒவ்வொரு நம்பராய் அழுத்தினா. தான் பிறந்த வருசம். பெட்டி திறக்கேல்லை. திரும்பவும் ஒருக்கால் அழுத்திப் பாத்தா. பிறகு என்னைப் பாத்து, "ஃபிக்கியா மீயா, பசிக்குது" எண்டா. என்ரை பிள்ளை எண்டு அருத்தம். வீட்டிலை கோவம் வந்தால் என்னைக் கூப்பிடுற பெயர் வேறை, அதை எழுதேல்லை.

பசிக்கு முதல் பலகாரம். சிஞ்ஞோரா சின்னப் பிள்ளையாய் இருக்கேக்கை மடத்துச் சுவரிலை சுழல்ற மரப்பெட்டி இருந்ததாம். மணியை அடிச்சுச் சில்லறையை வைச்சால் பெட்டி சுழண்டு வரும், காசு போய்ப் பலகாரம் இருக்கும், கன்னியாஸ்திரியின் முகம் தெரியாது. அந்த ஊரிலை சான் கார்லோ எண்ட மடத்திலை, ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச வறுமைக் காலத்திலை, பதினொரு வயதிலை விடப்பட்ட மரியா கிரமாத்திக்கோ எண்ட பிள்ளை அடுப்படியிலை வேலை செய்து செய்து கைப்பக்குவத்தைப் பிடிச்சிட்டா. வெளியிலை வந்து கடை போட்டு, இப்ப அவவின் பெயர் கேட்டுச் சனம் மலை ஏறுது. வாதுமையை அரைச்சுச் சீனியோடை பிசைஞ்சு தோடம்பழம், அத்திப்பழம் எண்டு அச்சொட்டாய்ச் செய்து வைச்சிருக்கு. நாங்கள் சாப்பிட்டது ஜெனொவேசே எண்டது. சுடச்சுட, மேலை சீனித்தூள், கடிக்க உள்ளுக்கை பால்க்களி வழியுது. சீனி வருத்தக்காரி சிஞ்ஞோரா ஒண்டரை சாப்பிட்டா. மகள் என்னைப் பாத்தா, நான் புகாரைப் பாத்தன்.

மத்தியானச் சாப்பாடு கீழை, கடற்கரைப் பட்டினம் திராப்பனியிலை. அக்கா, அங்கை என்ன சாப்பிடுகினம் எண்டு நினைக்கிறியள்? புட்டும் மீன் குழம்பும்! பெயர்தான் குஸ்குஸ். கடலுக்கு அங்காலை துனிசியா, அராபியர் பழக்கின சாப்பாடு. ரவையை அகண்ட மண்சட்டியிலை போட்டு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு விரலாலை உருட்டுகினம், அம்மா புட்டுக்குக் குழைக்கிற அதே மாதிரி. துளைச்சட்டியிலை வைச்சு அவிக்கேக்கை ஆவி வெளியிலை போகாமல் ரெண்டு சட்டிக்கும் இடையிலை மாவைத் திரிச்சுச் சுத்தி ஒட்டுகினம். மீன் ஆணம் வேறையாய் வரும், ஊத்திக் குழைச்சுச் சாப்பிடலாம். உறைப்பு மட்டும் காணாது. நான் கைப்பையிலை கொண்டு போன மிளகாய்த்தூளை மேசைக்குக் கீழை வைச்சுத் தூவினன். சாரதி கண்டிட்டுத் தனக்கும் கையை நீட்டினார்.

கடைசியாய்ப் போன இடத்துக்காகத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு இதை மெதுவாய் வாசியுங்கோ.

திராப்பனிக்குத் தெற்கை கரையோரம் முழுக்க உப்பளம். வான் வரம்போரம் திரும்பின உடனை எனக்கு மணந்தது. எங்கடை ஆனையிறவு உப்பளத்து மணம். மனிசருக்கு நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யும் எண்டு சொல்லுவினமே, அது. வசந்த காலத்திலை கடல்தண்ணியைப் பெரிய பாத்திக்கு விட்டு, அங்கையிருந்து அடுத்தது, அடுத்தது எண்டு மாத்த மாத்தத் தண்ணி தடிச்சு ரோசாப்பூ நிறமாகுது. கடைசிப் பாத்தியிலை உப்பு உறையும். முந்தி தண்ணி இறைச்சது காத்தாடி ஆலை, அது இப்பவும் நிக்குது, நாலைஞ்சு. தூரத்திலை பூநாரைக் கூட்டம் ஒற்றைக் காலிலை நிண்டுது. ஆடி தொடக்கம் அள்ளின உப்பை வரம்பிலை கூரை மாதிரி நீளக் குவிச்சு, மழைக்கு முதல் சுட்ட ஓடு அடுக்கி மூடுகினம். நாங்கள் போகேக்கை ரெண்டு பேர் ஓடு அடுக்கிக்கொண்டு நிண்டினம். முழங்காலிலை குந்தி, கீழையிருந்து மேலை, ஒண்டுக்கு மேலை ஒண்டு. ஒருத்தரின் குதிக்கால் அப்பாவின் குதிக்கால் மாதிரியே பாளம் பாளமாய் வெடிச்சிருந்தது. அப்பா ராவிலை தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படியிலை இருப்பாரே.

நான் கீழை விழுந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்து வாயிலை போட்டன். வழிகாட்டிப் பிள்ளை சிரிச்சாள். அப்பா உப்பளத்திலை வேலை செய்தவர், சண்டையோடை அது மூடுப்பட்டது, எங்கடை வீடும் போச்சு எண்டு சொன்னன். உடனை கொப்பியைத் திரும்ப எடுத்தாள். எத்தினை பாத்தி? ஆர் அள்ளுறது, ஆம்பிளையோ பொம்பிளையோ? மழைக்கு எதாலை மூடுறது? ஓடோ?

ஓலையாலை எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகேக்கை எனக்கு ஆறோ ஏழோ வயது. வெள்ளைக் குவியல் தெரியுது, மேலை என்ன கிடந்தது எண்டு தெரியேல்லை.

சிஞ்ஞோரா வானுக்குள்ளை நித்திரையாகிப் போனா, வாய் ஓரத்திலை சீனித்தூளோடை. வரேக்கை ஒரு கிலோ கல்லுப்பு வாங்கினன். தைக்கு ஊருக்கு வாற ஒரு ஆளிட்டைக் குடுத்து விடுறன், அத்தான் சிரிக்கட்டும், ஊறுகாய்க்கு நல்லாயிருக்கும். கறிக்குப் போடாதேங்கோ, கரைய நேரமெடுக்கும். அம்மாவின் கண் மருந்துக்குக் காசு வெள்ளிக்கிழமை போடுவன்.

வழிகாட்டிப் பிள்ளை தன்ரை நம்பரைத் தந்திருக்கிறாள், சரியான விபரத்தை அனுப்பச் சொல்லி. அம்மாவைக் கேளுங்கோ, காதுக்குக் கிட்டப் போய்க் கேளுங்கோ: அப்பாவையள் உப்புக் குவியலை மூடினது பனையோலையாலையோ, தென்னங்கிடுகாலையோ?

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி