‘இன்றைக்குப் படகு ஓடாது’ என்று யார் சொல்வது? படகுக் குழாம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் படகுச் சவாரியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும், அதைக் குத்தகைக்கு எடுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம்.

சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் விழத் தொடங்கினால், குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகு விடுவார்கள். அதற்குச் சனம் காத்துக் கிடக்கும். நான் துடுப்புப் போட்டது அங்கே இல்லை. வேறொரு தண்ணீர், பெயர் வேண்டாம். ஏழு சீசன் போட்டேன். இப்போது டீக்கடை வைத்திருக்கிறேன், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எங்களை வேலைக்கு எடுத்த விதத்தைச் சொல்கிறேன். குளம் பெருகிய மறுநாள், “நீச்சல் தெரியுமாடே?” என்று ஒரே கேள்வி. தெரியும் என்றால் அன்றைக்கே வேலை. இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு நீச்சல் தெரியாமல் இருக்குமா? இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட வம்சம். ஆனால் தான் நீந்துவது வேறு, முங்குகிறவனை இழுத்து வருவது வேறு. முங்குகிறவன் காப்பாற்ற வந்தவன் கழுத்தைத்தான் பிடிப்பான். முதலில் கயிறோ டியூபோ வீச வேண்டும். அது முடியாதபோதுதான் இறங்க வேண்டும். இறங்கினாலும் அவன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். இதை ஒரு வயசாளி எனக்குச் சொல்லித் தந்தது மூன்றாவது சீசனில். அதுவரை தப்பியது அதிர்ஷ்டம்.

அப்புறம் அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று சாயங்காலம் ஆக ஆக வலுக்கும். டிக்கெட் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. மீட்புப் படகில் இருக்க வேண்டிய பையனை, “சும்மாதானே உட்காந்திருக்க, போய் டிக்கெட்டைக் கிழி” என்று அனுப்பிவிட்டார் மேலாளர். அரை மணி நேரத்தில் ஒரு மிதிபடகு காற்றில் இழுபட்டு, குளத்துத் தண்ணீர் நிரம்பி வெளியேறுகிற மறுகால் பக்கம் ஒதுங்கியது. உள்ளே அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்து, அந்த அப்பா கையை வீசிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். படகு ஒரு பக்கம் சரிந்தது. சின்னப் பிள்ளையின் லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறிக் கிடந்தது. பெரியவர்களுக்கு உள்ள ஜாக்கெட், கீழ்ப்பட்டைக்குக் கொக்கி இல்லை. தண்ணீரில் விழுந்திருந்தால் ஜாக்கெட் மட்டும்தான் மிதந்திருக்கும்.

நான் என் படகில் இருந்தவர்களைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் போக முடிந்தது. கயிறு வீசிக் கட்டி இழுத்து வந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு மணிக்கு, இனி ஓட்ட முடியாது என்று நாங்களே நிறுத்தினோம். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது அரை நாள் சம்பளம்.

நான் சொல்ல வந்தது இந்த அரை நாள் சம்பளத்தைத்தான். காற்று வலுக்கிறது என்று முதலில் தெரிவது துடுப்புக்காரனின் தோளுக்கு. ஆனால் நிறுத்தச் சொன்னால் அவன் கூலிதான் போகும். நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிற இடங்களில் இன்னும் மோசம்; கூட இரண்டு பேரை ஏற்றினால் என்ன என்று அவனுக்கே தோன்றிவிடும்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்று பேசிக்கொண்டோம். அப்படிச் சாய்கிற நேரத்தில் “உட்காருங்க!” என்று அதட்டுவதற்கென்றே ஒரு ஆள் வேண்டும், சுக்கான் பிடிக்கிறவரே திரும்பி அதட்டிக்கொண்டிருக்க முடியாது. கேரளத்துத் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, ஏற்றியதும் அதிகம், இருட்டிய பிறகு ஓட்டியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அந்தப் படகில் ஒருவருக்காவது அதிகாரம் இருந்திருந்தால்?

கன்னியாகுமரியைப் பாருங்கள். கடல் உள்வாங்கினாலோ காற்று பலமாக இருந்தாலோ விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திவிடுகிறார்கள். பேப்பரில் நாலு வரி வரும், பயணிகள் ஏமாற்றத்துடன் திரும்பினர் என்று. சரி, திரும்பட்டும். ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

இயந்திரப் படகுக்காவது 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. பதிவு, சோதனை, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று எல்லாம் கேட்கும். மிதிபடகு, துடுப்புப் படகுக் குளங்களில் குத்தகைப் பத்திரம்தான் எங்களுக்குச் சட்டம். அதில் ஒரு வரி சேருங்கள்: காற்றாலோ மழையாலோ சவாரி நின்றாலும் அன்றைய கூலி முழுசாக உண்டு. நிறுத்துகிற முடிவு தண்ணீரில் இருக்கும் மூத்த துடுப்புக்காரருடையது, டிக்கெட் கவுண்டருடையது அல்ல என்பதையும் எழுதுங்கள்.

மீட்புப் படகுக்காரனை வேறு வேலைக்கு அனுப்பாதீர்கள். அவன் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவன் வேலை. அவனைப் பார்த்து வயிறு எரிந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மத்தியானம் சாப்பிடப் போனால் அவன் இடத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும், இல்லையென்றால் அந்த அரை மணி நேரம் படகு விடக் கூடாது. ஜாக்கெட் மாட்டிவிட ஒரு அக்காவைப் போடுங்கள்; பெண்களும் பிள்ளைகளும் கூச்சப்படாமல் நிற்பார்கள், பட்டையை இழுத்துப் பார்க்கும் பொறுமையும் இருக்கும்.

ஆட்களை வைகாசியிலேயே எடுங்கள். அப்போது குளம் வறண்டு கிடக்கும், உண்மைதான். தாமிரபரணியில் தண்ணீர் கிடக்கிறதே, அங்கே ஒரு வாரம் பழக்கலாம். சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே வருகிறேன். ஞாயிறு மட்டும் முடியாது, கடையில் கூட்டம்.

இப்படிக்கு,
பழைய துடுப்புக்காரன்