பதினேழாவது வரைபடம்

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மணிக்கு,

இரவு முழுவதும் ஓட வேண்டிய உன் பைத்தான் ஸ்கிரிப்ட் (நீ எழுதிய சிறு நிரல்), 40 வரைபடங்களில் 17-ஆவதோடு நின்று, அழைப்பு ஏற்கப்படவில்லை என்ற பிழையைக் காட்டியதாகச் சொன்னாய். அந்த ஸ்கிரிப்ட், வரைபட மென்பொருளான ஆட்டோகேடுக்குள் ஓடவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள். வெளியே தனியாக நின்று, ஒரு மென்பொருள் இன்னொன்றை ஏவ உதவும் விண்டோஸின் காம் (COM) இடைமுகம் வழியாக ஒவ்வொரு வேலையையும் அது ஏவுகிறது. ஆட்டோகேடு வேறொரு கட்டளையின் நடுவில் இருந்தாலோ, திரையில் ஏதேனும் ஒரு பெட்டி பதிலுக்குக் காத்திருந்தாலோ, வருகிற ஏவலை அது திருப்பி அனுப்பிவிடும்.

ஒவ்வோர் இரவும் வெவ்வேறு எண்ணில் நின்றால் காரணம் வெறும் வேலை மும்முரம்தான். பிழையைப் பிடித்து, அரை விநாடி பொறுத்து, மறுபடி கேட்கும்படி எழுதினால் போதும். ஆனால் எப்போதும் 17-இலேயே நின்றால், அந்தக் கோப்பு எதையோ கேட்கிறது. பழைய பம்புசெட் வரைபடங்களில் அது பெரும்பாலும் காணாமல்போன எஸ்ஹெச்எக்ஸ் (SHX) என்ற ஆட்டோகேடு எழுத்துருக் கோப்பாக இருக்கும். அதைத் தேடிப் பிடித்து ஆட்டோகேடு தேடும் கோப்புறையில் போட்டுவிட்டால் பெட்டி வராது. எத்தனை முறை திரும்பக் கேட்டாலும் தீராத பிழைக்கு எல்லையின்றித் திரும்பக் கேட்கும் ஸ்கிரிப்டை எழுதி வைக்காதே; பத்து முறைக்குமேல் போனால் கோப்பின் பெயரைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்.

என் கதையும் இருக்கிறது, சிரிக்காதே. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும் என்பதால், வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரியான பேட்டர்னின் அளவுகளையெல்லாம் 1.01-ஆல் பெருக்கி எக்செலிலிருந்து முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸுக்கு அனுப்ப ஒரு மேக்ரோ (குறுநிரல்) எழுதினேன். பம்புக்குள் சுழலும் 160 மில்லிமீட்டர் இம்பெல்லருக்கு 161.6 என்றே அனுப்பினேன். திரையில் நாம் மில்லிமீட்டரில் வரைந்தாலும், நிரல் வழியாக அளவைக் கொடுக்கும் சிஸ்டம்வேல்யூ (SystemValue) என்ற பண்பு அதை மீட்டரில்தான் வாங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நம் பட்டறை இருக்கும் தெருவையே விழுங்கும் இம்பெல்லர் ஒன்று பிறந்துவிட்டது. 0.1616 என்று கொடுத்த பிறகுதான் அது ஊருக்குள் அடங்கியது. கோணங்களும் அப்படியே, பாகையில் கொடுக்காதே, ரேடியனில் கொடு.

நாளைக் காலையில் அந்த 17-ஆவது வரைபடத்தை ஸ்கிரிப்ட் இல்லாமல் உன் கையாலேயே திறந்து, திரையில் என்ன கேட்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா