சான்றிதழும் சைக்கிள் விளக்கும்

அன்பு மகளுக்கு,

பேரனுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் 'நேர்மை' என்று கொடுத்த சான்றிதழின் படம் வந்தது. அப்பா அதை எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் காட்டிவிட்டார். மாதம் ஒரு குணத்தை எடுத்துப் படிப்பிப்பது நல்ல ஏற்பாடுதான். அதே கிழமை கூட்டாளியின் சைக்கிள் விளக்கை உடைத்துவிட்டு 'நான் இல்லை' என்று சாதித்தானாம் என்று அழாக்குறையாக எழுதியிருந்தாய். எட்டு வயதுப் பிள்ளை ஏச்சுக்குப் பயந்து பொய் சொல்லும். சுவரில் சான்றிதழ் தொங்கினால் பயம் இன்னும் கூடும்.

இங்கேயும் பாடத்துக்குக் குறைவில்லை. பதினோராம் ஆண்டில் எடுக்கும் சாதாரண தரப் பரீட்சை வரை சமய பாடம் கட்டாயம். ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை வேறு. ஆனால் ஐந்தாம் ஆண்டு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சை என்று சொல்லி, அதே ஞாயிறு காலையில் ரியூஷனுக்கு அனுப்பிவிடுகிறோம். எது பெரிது என்று பிள்ளைக்கு அப்போதே விளங்கிவிடும்.

படிப்பித்த காலத்தில் பிள்ளைகளின் குணத்தை நான் பார்த்தது காலையில் வகுப்புக் கூட்டும்போதுதான். ஒருத்தன் தும்புத்தடியால் குப்பையைக் கதவுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக் கை தட்டிக்கொண்டு வருவான். ஒருத்தி வராத பிள்ளையின் முறையையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் பேசாமல் போய் இருப்பாள். சமய பாடத்தில் எண்பது புள்ளி எடுப்பது பெரும்பாலும் அந்தக் கதவுக்காரன்தான்!

போன வெள்ளி கோணேசர் கோயிலுக்குப் போகையில், பிரட்ரிக் கோட்டைக்குள் ஒரு குடும்பம் மானுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டு நின்றது. பிள்ளை ஆசையாகத் தோலை உரித்து உரித்து நீட்டியது. பழம் முடிந்ததும் தகப்பன் சொப்பிங் பையைக் கசக்கி அங்கேயே எறிந்தார். மான் வந்து அதை முகர்ந்தது. பிளாஸ்டிக் தின்று மான் சாகும் ஊர் இது. பிள்ளை பையைப் பார்த்தது, தகப்பனைப் பார்த்தது, பிறகு கையிலிருந்த தோலையும் எறிந்துவிட்டு ஓடியது. நான்தான் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த மனிசன் என்னை முறைத்தார், அது வேறு கதை.

கோபிக்காதே, நீயும் சும்மா வீட்டில் நின்றுகொண்டு வேலையிடத்துக்குப் போன் எடுத்து 'சுகமில்லை' என்பாய்தானே. அவன் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பான்.

சரி, விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். 'சான்றிதழ் வாங்கினவன் செய்யிற வேலையா இது?' என்று கேட்டுவிடாதே. அடுத்த முறை இன்னும் கெட்டித்தனமாக ஒளிப்பான். அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. நீ படலையடியில் நில், கதைக்கிறது அவனாக இருக்கட்டும். தடுமாறினால் தடுமாறட்டும், நீ எடுத்துக்கொடுக்காதே. விளக்குக்குப் பாதிக் காசு அவனுடைய உண்டியலிலிருந்து போகட்டும், மிச்சத்தை நீ போடு. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையை மூடிவிடு, மருமகனிடமும் சொல்லிவை.

ஞாயிறு வழக்கம்போல் கோல் எடு. நான் விளக்கைப் பற்றி அவனிடம் கேட்கமாட்டேன். அவனாகச் சொன்னால் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை