கருங்கல் வேறு, எரிமலைப் பாறை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் வந்த அறிவியல் பக்கத்தில் பசால்ட், கிரானைட் என்ற இரு பாறைகளையும் 'கருங்கல்' என்றே எழுதியிருந்தார்கள். மாணவர்கள் படிக்கும் பக்கம் என்பதால் எழுதுகிறேன்.

அம்மிக்கும் கோயில் தூணுக்கும் நாம் சொல்லும் கருங்கல் பேச்சு வழக்குச் சொல். கடினமான எந்தக் கல்லுக்கும் ஒட்டிக்கொள்ளும். பசால்ட் அப்படியல்ல. எரிமலைக் குழம்பு தரைக்கு மேல் வந்து விரைவாக ஆறி இறுகியது. அதிலுள்ள படிக மணிகள் கண்ணுக்கே தெரியாது. கிரானைட் பூமிக்குள் ஆழத்தில் மெல்ல ஆறியது. அதனால்தான் அதில் வெள்ளையும் கறுப்புமாக மணிகள் பளிச்சிடும். இரண்டும் உருகிய குழம்பு ஆறி உண்டான தீப்பாறைகள்தாம்; ஆனால் 'எரிமலைப் பாறை' என்ற பெயர் பசால்ட்டுக்கே பொருந்தும்.

எங்கள் சிகாமட் வட்டாரத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல. இங்குள்ள பசால்ட் உதிர்ந்து மக்கிய செம்மண்ணில்தான் எங்கள் பெற்றோர் பால் மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தார்கள்; இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. குவாந்தானுக்கு அருகே பத்து ஹீத்தாம் கடற்கரையில் கிடக்கும் கறுப்புப் பாறைகளும் பசால்ட்தான். பிள்ளைகள் தொட்டே பார்க்கலாம்.

இனி 'பசால்ட் எரிமலைப் பாறை' என்றே அச்சிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சிகாமட், ஜொகூர், மலேசியா.