இளங்குரல்களைக் காத்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, புரவலர்களே, திரைக்குப் பின்னால் உழைத்த நண்பர்களே,

வணக்கம்.

உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்காக நாங்கள் நடத்திய கோடைக்கால ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பயிற்சி முகாம், நிறைவு நாள் மேடைக் காட்சிகளோடு இனிதே முடிந்தது. முகாமுக்கு வந்த நாளில் இருந்த நலம் குன்றாமல் எல்லாக் குரல்களும் வீடு திரும்பியிருக்கின்றன என்பதே எங்களுக்கு முதல் நிறைவு. கைதட்டலும் பாராட்டும் அதற்கு அடுத்தபடிதான். பதினாறு வயதுக் குரலிடம் முப்பது வயதுக் குரலின் கனத்தை எதிர்பார்க்கும் ஆசை இந்தக் கலையைச் சுற்றி எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆசைக்கு இடங்கொடாமல், பிள்ளைகள் தங்கள் வயதுக்குரிய குரலிலேயே பாடி முடிக்கத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறோம்.

முதலில், குரற்பயிற்சி ஆசிரியர்களுக்கு. ஓபராவில் பாடகருக்கு ஒலிவாங்கி கிடையாது. முன்னால் பல வாத்தியங்கள் சேர்ந்த ஓர் ஆர்கெஸ்ட்ரா முழங்க, அதையும் தாண்டிக் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர வேண்டும். இதைக் கேட்டதும் எந்தப் பிள்ளைக்கும் தோன்றுவது, இன்னும் உரக்கக் கத்திப் பாட வேண்டும் என்பதுதான். ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே அந்த எண்ணத்தை மாற்றினார்கள். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸைச் (நொடிக்கு 500 அதிர்வுகளைச்) சுற்றித்தான் மிக வலுவாக இருக்கும், மேலே போகப் போக அது தளர்ந்துவிடும் என்பதையும், தேர்ந்த பாடகரின் குரலில், சிறப்பாக ஆண்குரல்களில், 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியாற்றல் திரண்டு நிற்பதால்தான் அது வாத்தியங்களுக்கு மேலாகத் தனித்துக் கேட்கிறது என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். அந்தத் திரட்சி பல ஆண்டுப் பயிற்சியிலும் உடல் முதிர்ச்சியிலும் தானாக அமைவது. தொண்டையை இறுக்கி அதை முன்கூட்டியே வரவழைக்க முயன்றால் குரலுக்குத்தான் கேடு. ஆகவே எங்கள் மேடையில் பியானோ மட்டும் போதும் என்று முடிவு செய்தவர்களும் அவர்களே. ஆர்கெஸ்ட்ரா இல்லாத ஓபராவா என்று கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில் இன்றும் எங்களுக்குச் சரியாகவே படுகிறது: இந்த வயதில் அவர்கள் பழக வேண்டியது மூச்சும் சொல்லும் சுருதியும், வாத்தியங்களோடு போட்டி போடுவது பிறகு ஆகட்டும்.

பாடல்களைத் தேர்ந்தெடுத்ததிலும் இதே கவனம் இருந்தது. மோட்சார்ட் இசையமைத்த மாயப் புல்லாங்குழல் ஓபராவில் இரவு அரசி பாடும் ஆரியா என்னும் தனிப்பாடலைப் பாடியே தீர வேண்டும் என்று ஒரு மாணவி விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். அதில் வரும் உச்சத்து எஃப் சுரம் அவருக்கு எட்டியது என்பதும் உண்மைதான். ஆயினும், ஒரு சுரம் எட்டுவதும் அந்தப் பாத்திரத்தைத் தாங்குவதும் வேறு வேறு என்று எடுத்துச் சொல்லி, அவருக்கு அதே ஓபராவில் வரும் பாபகேனா என்ற சிறிய பாத்திரத்தை ஆசிரியர்கள் தந்தார்கள். மோட்சார்ட் காலத்தில் சிறு வயதிலேயே மேடையேறிய பாடகி அன்னா காட்லீபைப் பெற்றோர் சிலர் எடுத்துக்காட்டாகச் சொன்னபோது ஆசிரியர்களிடமிருந்து கிடைத்த விளக்கம் எங்களுக்கே புதிது. 1786இல் மோட்சார்ட்டின் ஃபிகாரோவின் திருமணம் ஓபரா முதன்முதலாக அரங்கேறியபோது பார்பரீனா என்ற பாத்திரத்தில் பாடிய காட்லீபுக்கு வயது 12. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1791இல், மாயப் புல்லாங்குழலில் கதாநாயகி பமீனாவாக முதன்முதலில் பாடியவரும் அவரே. ஆனால் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு மோட்சார்ட் கொடுத்தது, தொலைந்துபோன ஓர் ஊசியைத் தேடிக்கொண்டே பாடும் மிகச் சிறிய ஆரியா ஒன்றுதான். அதில் பெரிய தாவல்களோ நீண்டு நிற்கும் உச்ச சுரங்களோ கிடையாது. அதே ஆரியாவை எங்கள் முகாமின் மிக இளைய மாணவி பாடினார். எஃப் மைனரில் அமைந்த அந்தச் சிறு துயரம் அவர் குரலுக்கென்றே எழுதியதுபோல் பொருந்தியது. ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல்லின் டைடோவும் ஈனியாசும் ஓபராவின் இறுதிக் குழுப்பாடலான கோரஸைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறோம். 1680களின் இறுதியில் லண்டன் செல்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவியர் நடித்த ஓபரா அது. பள்ளிப் பிள்ளைகளும் ஓபராவும் என்பது ஏதோ இக்காலப் புதுமை அல்ல என்பதை அந்தத் தேர்வு எல்லோருக்கும் நினைவூட்டியது.

முகாமின் நடுவில் ஒரு மாணவருக்கு மகரக்கட்டு உடைந்தது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு தடிக்கும் அந்தப் பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஓர் எட்டுச் சுரம் கீழே இறங்கிவிடும். பெண்பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு, அது சிறிதளவே என்பதால் வெளியில் தெரிவதில்லை. திங்கட்கிழமை பாடிய சுரம் வியாழக்கிழமை நழுவிப்போன அந்த மாணவர், தன்னை நீக்கிவிடுவார்கள் என்று நினைத்துப் பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டார். மேடை இயக்குநரும் குரல் ஆசிரியரும் கலந்து பேசி அன்று மாலையே ஒரு வழி கண்டார்கள். மாயப் புல்லாங்குழல் முழுக்க முழுக்கப் பாட்டாலான ஓபரா அன்று. பாடல்களுக்கிடையே பேச்சு வசனம் வரும் வகையைச் சேர்ந்தது. எங்கள் காட்சிகளில் வந்த வசனத்தின் பெரும்பகுதியை அந்த மாணவர் ஏற்றுக்கொண்டார்; கோரஸில் தமக்கு எளிதாக வந்த நான்கைந்து சுரங்களை மட்டும் பாடி, மற்ற இடங்களில் வாய்மூடி நிற்க அனுமதி பெற்றார். நிறைவு நாளில் அரங்கைச் சிரிக்க வைத்தவர் அவர்தான். மேடை இயக்குநர், குரல் ஆசிரியர் இருவருக்கும் நாங்கள் மிகவும் கடமைப்பட்டுள்ளோம்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் தம் ஓய்வு நேரத்தில் வந்து நிகழ்த்திய உரையைப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏ சுரத்தைப் பாடும்போது குரல் நாண்கள் ஒரு நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அவர் சொன்னதும் வகுப்பே அடங்கிப்போனது. நாம் குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாய் வழியே போவதால் அது குரல் நாண்களைத் தொடுவதே இல்லை, உடல் முழுவதும் நீர்ச்சத்து சேர்ந்த பிறகே அவற்றுக்கு ஈரம் கிடைக்கும், எனவே மேடையேறும் முன் ஒரு மடக்குக் குடித்துப் பயனில்லை என்பதையும், தொண்டையைச் செருமுவதும் குசுகுசுவெனப் பேசுவதும் ஓய்வாகா என்பதையும் அவர் விளக்கிய விதம், நாங்கள் ஆண்டுதோறும் சொல்லியும் ஏறாததை ஒரே மாலையில் ஏற்றிவிட்டது. (செருமும் பழக்கம் பெரியவர்களான எங்களிடமும் குறைந்திருக்கிறது.)

பியானோ வாசித்த அம்மையாருக்கு எப்படி நன்றி சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும். கச்சேரியில் உடன் வாசிப்பவரின் வேலை ஒன்று. ஓபரா ஒத்திகையில் பியானோவில் அமர்பவரின் வேலை முற்றிலும் வேறு. இல்லாத ஆர்கெஸ்ட்ராவை இரண்டு கைகளால் எழுப்ப வேண்டும். வராத பாடகரின் வரியைத் தாமே பாட வேண்டும். இசை நடத்துநரின் கையையும் பாடுபவரின் மார்பு விரிவதையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரின் இசைப்பிரதியிலும் மூச்செடுக்கும் இடங்களை அவர் பென்சிலால் சின்னக் கமாவாகக் குறித்து வைத்தார். ஒரே டூயட்டின் இரண்டு பிரதிகளில் அந்தக் கமாக்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டோம். ஒருவருக்கு மூச்சு நீளம், மற்றவருக்குக் குறைவு, இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் இசையில் ஓட்டை விழும் என்றார். பேச்சும் பாட்டுமாகப் போகும் ரெசிடடிவ் பகுதிகளில் பிள்ளைகள் தாளக் கணக்குக்கு அஞ்சி நின்றபோது, அவர்கள் வசனத்தைப் பேசி முடிக்கும்வரை அடுத்த நாதக்கோவையை (ஒருசேர ஒலிக்கும் சுரங்களை) வாசிக்காமல் காத்திருந்து, அவர்களுக்குத் துணிச்சல் ஊட்டியதும் அவரே. முழுக்குரலில் பாட வேண்டாத ஒத்திகைகளில் எட்டுச் சுரம் கீழிறக்கியோ மென்குரலிலோ பாடிச் சமாளிக்கும் மார்க்கிங் முறையையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அதை இளம் பாடகர்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்து வெட்கப்படுவார்கள். அவர் வெட்கப்பட விடவில்லை.

இத்தாலியமும் ஜெர்மனும் கற்பித்த மொழிப் பயிற்றுநர், எந்தப் பாடலையும் மெட்டோடு பாட முதல் வாரத்தில் அனுமதிக்கவே இல்லை. சொற்களைத் தாளத்தில் பேச வேண்டும், ஒவ்வொரு சொல்லின் பொருளையும் அவரவர் கையெழுத்தில் வரிக்கு அடியில் எழுதி வர வேண்டும் என்பது அவர் விதி. எதற்காக இந்தக் கெடுபிடி என்று முணுமுணுத்த பிள்ளைகளே, பின்னர் மேடையில் மறந்துபோன வரியைப் பொருளைப் பிடித்துக்கொண்டு மீட்டெடுத்தார்கள்.

மேடை இயக்குநர், பாடுபவர் நடத்துநரை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காமல் கடைக்கண்ணால் பிடித்துக்கொள்ளவும், மண்டியிட்டுப் பாடும்போது இடுப்பை மடக்காமல் விலா விரிய இடம் விடவும் பழக்கினார். ஆடை தைத்துத் தந்த தாய்மார்களின் அக்கறை இதற்கு ஒரு படி மேலே போனது. பழங்காலப் பாணி மேலாடைகளுக்கு அளவெடுக்கும்போது, சாதாரணமாக நின்ற நிலையில் எடுக்காமல், பிள்ளைகளை மூச்சை முழுக்க இழுத்து நிறுத்தச் சொல்லி, விரிந்த விலாவைச் சுற்றி நாடாவைப் பிடித்தார்கள். தோற்றத்தில் சற்றே தளர்வாகத் தெரிந்தாலும் அந்த ஆடைகளில் ஒருவருக்கும் மூச்சு முட்டவில்லை. தொழில்முறை அரங்குகளிலும் பாடகர்கள் முறையிடும் ஒரு விஷயத்தை யாரும் சொல்லாமலே அவர்கள் கவனித்துக்கொண்டார்கள்.

வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பியானோவின் ஒலிப்பலகை உப்பிச் சுருதி மாறிவிடும் என்பதால், முகாம் தொடங்கும் முன்னும் நிறைவு நாளுக்கு முதல் நாளும் வந்து சுருதி கூட்டிக் கொடுத்தவருக்கும், அரங்கையும் பயிற்சி அறைகளையும் கட்டணமின்றித் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், விளக்கமைத்தவர்களுக்கும், நாற்காலி அடுக்கியவர்களுக்கும், பிள்ளைகளை வேளாவேளைக்கு அழைத்து வந்து அழைத்துச் சென்றவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

கட்டணம் செலுத்த இயலாத மாணவர்களுக்கான தொகையை முழுவதுமாக ஏற்றுக்கொண்ட புரவலர்கள், தங்கள் பெயரை எங்கும் வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். உதவி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது பயிற்சி அறையில் எவருக்கும் தெரியாமல் போனது அவர்களுடைய பெருந்தன்மையாலேயே.

பெற்றோருக்குத் தனியே சொல்ல வேண்டிய நன்றி ஒன்று உண்டு. முகாமில் போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது என்று அறிவித்தபோது உங்களில் சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்ததை அறிவோம். இருந்தும், தலைமைப் பாத்திரம் யாருக்கு என்ற கேள்வியை நீங்கள் ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுப்பவில்லை. வீட்டில் பிள்ளைகள் பேசாமல் ஓய்வெடுத்த மாலைகளில், விருந்தினர் முன் ஒரு பாட்டுப் பாடிக் காட்டு என்று கேட்காமலும் இருந்தீர்கள். இந்த இரண்டாவது உதவியின் அருமை குரல் ஆசிரியர்களுக்கு நன்கு தெரியும்.

இரவல் பெற்ற ஆடைகளும் மேடைப் பொருள்களும் துவைத்து, பழுது பார்த்து உரியவர்களிடம் இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்கப்படும். இசைப்பிரதிகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை, மாணவர்களே வைத்துக்கொள்ளலாம். அவற்றிலுள்ள பென்சில் குறிகளை மட்டும் இப்போதைக்கு அழிக்க வேண்டாம் என்று பியானோ ஆசிரியை சொல்லச் சொன்னார். அடுத்த கோடையில் மூச்சு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அந்தக் கமாக்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறாராம்.

நன்றியுடன்,
கோடைக்கால ஓபரா பயிற்சி முகாம் ஒருங்கிணைப்புக் குழுவினர்